மஞ்சள் பூசாத முகம்

ராசம்மாளுக்கு மஞ்சள் ஆகாது. வேறு எது ஆகாமல் போயிருந்தாலும் எங்கள் பக்கத்தில் சமாளித்திருக்கலாம். கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது என்று சொல்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. அவர்களுக்குத் தனியாக ஒரு சட்டியில் ரசம் வைத்தால் தீர்ந்தது. மஞ்சள் ஆகாது என்று ஒரு பெண் சொன்னால் அவளை எந்தப் பந்தலில் நிற்க விடுவார்கள்? தாலி அறுத்தவளுக்குத்தான் மஞ்சள் இல்லை. கல்யாணமே ஆகாத ஒருத்தி வேண்டாமென்றால் அதற்கு என்ன பெயர் வைப்பது என்று ஊரே உட்கார்ந்து யோசிக்கும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அவள் வயதுக்கு வந்தபோது செய்த சீரில்தான் அது முதலில் தெரிந்தது. அத்தைமார் சிரித்துக்கொண்டே மஞ்சளை அப்பினார்கள். உலை கொதிப்பதற்குள் கன்னம் எரிந்தது, தடிப்புத் தடிப்பாக எழுந்தது, இமை வீங்கிக் கண் மூடிக்கொண்டது. அம்மை என்று சொல்லி வேப்பிலை கட்டி, மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்றினார்கள். முகம் தோலுரிந்து ஆறியதும் ஆத்தாள் மனமிரங்கி விட்டாள் என்று மறுபடியும் மஞ்சள் பூசினார்கள். மறுபடியும் வீங்கியது. அப்போதுதான் அவள் தாய் மருதாத்தாளுக்கு விளங்கியது. விளங்கியதை அவள் வெளியில் சொல்லவில்லை. புருஷன் குப்பண்ணனிடமும் மகன் அர்த்தநாரியிடமும் சொன்னாள். அந்த நாலு பேரோடு அது நின்றது.

அவர்கள் தோட்டம் பாலக்காட்டு எல்லையில், கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டுக்குத் தெற்கே இருந்தது. நிலக்கடலையும் பருத்தியும் போடுவார்கள், இரண்டு எருமை கட்டியிருந்தார்கள். மார்கழி பிறந்தால் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து மண்ணை வாரிக்கொண்டு வரும். கடலைத் தூசு ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம், அந்த மாதங்களில் ராசம்மாளின் முகம் மஞ்சள் படாமலே சிவந்து சொரசொரவென்று கிடக்கும். முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு கடலை பிடுங்குவாள். அடக்கமான பெண் என்று ஊரில் பெயர். அடக்கமாவது ஒன்றாவது, அரிப்பு தாங்காமல் மூடியிருந்தாள்.

எழுபத்து நாலில் அர்த்தநாரிக்கு ஆனைமலைப் பக்கம் பெண் முடிந்தது. நிச்சயத்துக்கு அவர்கள் வந்த அன்று ராசம்மாளின் கன்னம் தோலுரிந்து கிடந்ததால், அவளைப் பருத்தி குவித்திருந்த அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று ஒரு பொய். ஒப்புட்டும் கச்சாயமும் தின்று கை கழுவும்போது பெண்ணின் தாய்மாமன் சிரித்தபடி கேட்டார்.

"ஏனுங்க, மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்தவ ஒருத்தி இருக்குதுன்னு சொன்னீங்க, கண்ணுலயே காட்டலீங்களே. இணைச்சீருக்காச்சும் காட்டுவீங்களா?"

"அதெப்பிடிங்க காட்டாம இருப்போம்" என்றார் குப்பண்ணன். பருத்தி அறைக்குள் ராசம்மாளுக்கு அது கேட்டது.

இணைச்சீர் என்றால் எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் சகோதரிக்கு உள்ள உரிமை. தாலி கட்டுவதற்கு முன்னால் மணப்பெண்ணுக்கு நிகராக அவளைச் சிங்காரித்துக் கூட்டி வருவார்கள். மணப்பெண் உடுத்தப்போகும் கூறைச்சேலையை அவள்தான் கொண்டுவர வேண்டும். சேலையின் ஒரு தலைப்பை அண்ணன் பிடிக்க, மறு தலைப்பைத் தங்கை பிடிக்க, மங்கல வாழ்த்துப் பாடுவார்கள். இன்னொருத்தி வந்தாலும் இந்த வீட்டில் உனக்குள்ள பிடி விடாது என்று ஊரறியச் சொல்கிற சீர் அது. ராசம்மாளுக்கு வாழ்க்கையில் வேறு சீர் வருமா என்பதே சந்தேகமாக இருந்த நிலையில், இது ஒன்றுதான் அவள் பேருக்கு இருந்தது.

கடலை உரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் மருதாத்தாள் பேச்சை எடுத்தாள்.

"உங்க பெரியம்மா சொல்றா, சுப்பாத்தாள நிறுத்திக்கலாமுன்னு. பெரியப்பன் மகளும் கூடப்பொறந்தவதான். அவளுக்கு மூஞ்சியும் பளிச்சுனு இருக்குது."

ராசம்மாள் கடலையை வேகமாக உரித்தாள். கடலைத்தொலி விரலில் குத்தியது. கொள்ளு ரசம் ஊற்றிக் களி தின்றுகொண்டிருந்த அர்த்தநாரி தலையை நிமிர்த்தினான்.

"சுப்பாத்தா நின்னா நான் மணையில ஒக்கார மாட்டேன். என்ற தங்கச்சி நிக்கோணும்."

"நின்னா மஞ்ச பூசோணுமடா. பூசுனா என்னாகுமுன்னு உனக்குத் தெரியாதா?"

"பூசாம நிக்கட்டும்."

"பூசாம நின்னா ஊடு நெறயா வந்திருக்கற சனம் சும்மா இருக்குமா? அவ மூஞ்சி இருக்கற இருப்புல, பெருநோவு, குட்டமுன்னு ஒருத்தன் வாய உட்டான்னா உன்ற கண்ணாலமும் போச்சு, அவளுக்கு ஆகறதும் போச்சு."

அர்த்தநாரி களியைப் பிசைந்தான், தின்னவில்லை. நல்லவன்தான். நல்லவனாக இருந்து என்ன செய்ய?

"நான் நிக்கறனம்மா. மூஞ்சிய ஏதாச்சும் பண்ணிக்கறேன்" என்றாள் ராசம்மாள்.

முகத்தை ஏதாவது பண்ணுவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. அந்த வீட்டில் பவுடர் டப்பா நுழைந்ததில்லை. பவுடர் போட்டால் கூத்தாடிச்சி என்பார் குப்பண்ணன். சுப்பாத்தாளிடம் கெஞ்சி ஒரு கை பவுடர் வாங்கி வந்து, எருமைக் கொட்டகையில் நின்று பூசிப் பார்த்தாள். வாசனை நன்றாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் மோவாயெல்லாம் கொப்புளம். அழுதுகொண்டே பால் கறந்தாள்.

அதற்குப் பிறகுதான் அவள் பாகீரதி டீச்சரைத் தேடிப் போனாள். செக்போஸ்ட் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பாடம் நடத்தியவர். கல்பாத்தி அக்ரகாரத்தில் பிறந்தவர், பள்ளிக்கூடத்தை ஒட்டிய வாடகை வீட்டில் தனியாக இருந்தார். ராசம்மாளை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து முக்காட்டை விலக்கிப் பார்த்தார்.

"பவுடர் போட்டயா?"

"ஆமாங்க டீச்சர்."

"அசடே, நேரா மூஞ்சிலயா போடுவா? நேக்கும் இதே தோலாக்கும். காலேஜில நாடகத்துக்கு என்னத்தையோ தேச்சு விட்டா, ஒரு வாரம் ஹாஸ்டலை விட்டு வெளில தலை காட்டலை கேட்டியா. நம்ம மாதிரித் தோலுக்கு ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணுதான். காதுக்குப் பின்னால ஒரு பொட்டு வச்சுட்டு ரெண்டு நாள் சும்மா இருக்கணும். அங்க சமாதானமா இருந்தா அப்பறம் மூஞ்சிக்கு."

அப்படி ஆரம்பித்தது. டீச்சரிடம் இருந்த ஸ்நோ க்ரீமைக் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டு போனாள். காலையில் அந்த இடம் எரிந்தது. வாசனையில்லாத ஒரு பவுடரை யாரிடமோ சொல்லிப் பாலக்காட்டிலிருந்து வரவழைத்தார் டீச்சர், அதுவும் அரித்தது. அரிசி மாவைச் சலித்துப் பூசினார்கள். அது ஒன்றும் செய்யவில்லை. ஆனால் மாவு மில்லில் வேலை செய்கிறவள் போல இருந்தாள். இருவரும் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த மாதத்தில் ராசம்மாள் சிரித்தது அது ஒரு தடவைதான்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் சொறி சிரங்குக்குக் கொடுக்கிற ரோஸ் நிறக் காலமின் தண்ணீர் ஒத்துக்கொண்டது. காதுக்குப் பின்னால் வைத்தார்கள், முழங்கை மடிப்பில் வைத்தார்கள், கழுத்தில் வைத்தார்கள், எங்கேயும் எரியவில்லை. சிவப்பு அடங்கி, சொரசொரப்பு மறைந்தது. ஒரே குறை, காய்ந்ததும் வெள்ளை பூத்தது. டீச்சர் கோலத்துக்குக் கரை கட்டுகிற காவிக்கல்லை உரசி, மெல்லிய துணியில் வடித்து, துளித்துளியாக அதில் கலந்தார். கலந்து கலந்து ராசம்மாளின் கழுத்தோரம் தீற்றி, முற்றத்து வெயிலில் நிறுத்திப் பார்த்தார். மூன்றாம் தடவை தீற்றியது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"இதுதான் கணக்கு. போட்டுண்டிருக்கான்னு ஒருத்தருக்கும் தோணப்படாது. பொறந்ததே இப்படின்னு இருக்கணும்" என்றார்.

துணைக்கு வந்திருந்த மருதாத்தாள் மகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவளுக்குச் சந்தோஷமும் இருந்தது, ஒரு சந்தேகமும் இருந்தது.

"டீச்சர், கொஞ்சம் மஞ்சளிச்சாப்புல வருமுங்களா? மஞ்சக்காவியாச்சும் கலந்தீங்கன்னா, மஞ்ச பூசிக் குளிச்சவளாட்டம் இருக்குமுங்க."

டீச்சர் சளைக்காமல் ஒரு கிண்ணத்தில் அதையும் கலந்து ஒரு கன்னத்தில் தடவினார். காமாலை வந்தவள் போல இருந்தது.

"இது வேஷம். யார் பார்த்தாலும் வேஷம்னு சொல்லிடுவா. எது வேணும்னு அவளே சொல்லட்டும்."

ராசம்மாள் கண்ணாடியை வாங்கிக் கொண்டாள். ஒரு கன்னம் மஞ்சள், ஒரு கன்னம் அவளுடையது. அவளுடையது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. சிறுவயதில் இப்படித்தானே இருந்தோம் என்று நினைத்தாள். இந்த முகத்தோடு அண்ணனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை என்று ஒன்று அவளுக்கு வந்ததே அபூர்வம்.

"இது போதுமுங்க" என்று மஞ்சள் கன்னத்தைத் துடைத்தாள்.

"மஞ்ச எங்கேன்னு கேட்டா?" என்றாள் மருதாத்தாள்.

"வெடியாலயே ஊட்டுல பூசியாச்சுன்னு சொல்லிப் போடும்மா. ஆரு வந்து தொட்டுப் பாக்கறாங்க."

தை மாதத்துக் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டில் பந்தல். காற்று பந்தலைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது, கம்பத்துக்குக் கம்பம் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். பெண் வீட்டார் முந்தின நாளே வண்டி கட்டி வந்துவிட்டார்கள். விடிந்ததும் பந்தலுக்குப் பின்னால் அரிசியும் பருப்பும் போட்டுப் பெரிய அண்டாவில் சோறு வெந்தது. ராசம்மாள் விடியற்காலையிலேயே காலமின் கலவையைக் கழுத்துவரை சீராகப் பூசி, காயவிட்டு, மேலே தொட்டும் தொடாமலும் துடைத்துவிட்டு, சிறிய பொட்டு வைத்துக்கொண்டாள். டீச்சர் சொன்னபடி கொஞ்சமாகத்தான். பட்டுச்சேலை உடுத்தி உட்கார்ந்திருந்தவளை எட்டிப் பார்த்த அர்த்தநாரி, மணக்கோலத்தில் நின்றபடி சிரித்தான்.

"ஏ ராசு, நீதானா? பொண்ண மாத்திப் போட்டுட்டாங்களோன்னு பாத்தேன்."

"போண்ணா" என்றாள்.

சீருக்கு வந்திருந்த அருமைக்காரி காளியாத்தாள். சடங்குகளைத் தொட்டு நடத்தித் தருகிற சுமங்கலியைத்தான் அருமைக்காரி என்போம். காளியாத்தாளின் கை பட்டால் விளங்கும் என்று சுற்று வட்டாரத்தில் பெயர். கெட்ட எண்ணம் என்பதே கிடையாத பொம்பளை. அன்றைக்கு அதுதான் வினையாகப் போயிற்று. மஞ்சள் கிண்ணம் வைத்த தட்டோடு அறைக்குள் வந்தாள். பின்னாலேயே பெண் வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் நிலைப்படியில் வந்து நின்றார்கள். மாப்பிள்ளையின் தங்கையைப் பார்க்கும் ஆவல்.

"மருதா, புள்ளைக்கு மஞ்ச பூசியாச்சா?"

"ஆச்சுங்க்கா. வெடியாலயே பூசி உட்டுட்டனுங்க."

காளியாத்தாள் ராசம்மாளின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"எங்க பூசியிருக்கறே? மூஞ்சி பொறந்தது பொறந்தபடியல்ல இருக்குது. பேருக்கொரு பொட்டு மஞ்சளக் காணோம். கண்ணால ஊட்டுச் சோலில மறந்துட்டயாட்ட இருக்குது."

"இல்லீங்க்கா, பூசி... தொடச்சுப் போட்டாளாட்ட..."

"தொடச்சா மஞ்ச போயிருமா? அட போ, பெத்தவளுக்கு ஆயரஞ் சோலி. நானெதுக்கு இருக்கறேன்?"

மருதாத்தாளின் கை எழுந்தது. நிலைப்படியில் நின்றவர்களின் முகங்களைப் பார்த்ததும் அந்தக் கை எங்கே போவது என்று தெரியாமல் தன் முந்தானையையே பிடித்துக்கொண்டது. ராசம்மாள் வாய் திறந்தாள். வேண்டாமுங்க என்று ஒரு சொல். அந்தச் சொல்லைச் சொன்னால் அடுத்த நிமிஷம் சுப்பாத்தாளைக் கூப்பிடுவார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

காளியாத்தாள் கை நிறைய மஞ்சளை எடுத்து நெற்றியிலிருந்து கழுத்துவரை ஆசையாகத் தேய்த்தாள்.

"மாசு மருவில்லாத மூஞ்சி. இப்பிடியொரு மூஞ்சிய வெச்சுக்கிட்டு வெளிய காட்டாம வெச்சிருந்தாங்களே" என்றாள் பெண் வீட்டாரைப் பார்த்து. அவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

மூலையில் ஒரு குடம் தண்ணீர் இருந்தது. ராசம்மாள் அதைப் பார்த்தாள். அதற்குள் மேளக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். கூறைச்சேலை வைத்த மூங்கில் பேழையை அவள் தலையில் ஏற்றி, காளியாத்தாள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த பாகீரதி டீச்சர் மஞ்சள் முகத்தைப் பார்த்ததும் பாதி எழுந்தார். எழுந்து எங்கே போவது? அவருடைய கல்யாணமா, அவருடைய சீரா? உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் மணையில் உட்கார்ந்திருக்க, பேழையை இறக்கி, சேலையின் ஒரு தலைப்பை அவன் கையிலும் மறு தலைப்பை அவள் கையிலும் கொடுத்தார்கள். மங்கல வாழ்த்து ஆரம்பித்தது. எங்கள் மங்கல வாழ்த்து சாமானியத்தில் முடிகிற பாட்டில்லை. பெண் பார்த்ததிலிருந்து பந்தல் போட்டது, பழம் வாங்கியது வரைக்கும் ஒவ்வொன்றாக வரும். ராசம்மாள் பாட்டைக் கவனித்துக்கொண்டே நின்றாள். பந்தலுக்குக் கால் நட்டார்கள் என்று வரும்போது கன்னம் சுட்டது. வாழை கட்டினார்கள் என்று வரும்போது கழுத்தில் ஊசி ஊசியாகக் குத்தியது. சொறியக் கூடாது, சொறியக் கூடாது என்று சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தாள். இமை கனத்தது. பந்தலில் இருக்கிற சனம் சிறுகச் சிறுக மங்கலாயிற்று.

அர்த்தநாரி பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போயிற்று.

"ராசு" என்றான், உதடு மட்டும் அசைய.

"இன்னுஞ் சித்த நேரந்தாண்ணா" என்றாள் அவள்.

பெண்ணின் தாய்மாமன்தான் முதலில் எழுந்தார்.

"ஏனுங்க, பாட்ட நிறுத்துங்க. புள்ளைக்கு மூஞ்சியப் பாருங்க. ஆத்தா வாத்திருக்குதாட்ட இருக்குது. அம்மை கண்ட ஊட்டுல எப்பிடிங்க தாலி கட்டறது?"

பாட்டு நின்றது. பந்தலில் ஒரு முணுமுணுப்பு கிளம்பி முன்வரிசைக்கு வந்தது. அம்மை என்று முடிவாகிவிட்டால் கல்யாணம் நின்றுபோகும். குப்பண்ணன் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடுப்பந்தலில் வந்து நின்றார். மகனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். இத்தனை வருஷம் நாலைந்து பேருக்குள் இருந்ததை ஊருக்கு நடுவில் வைத்தார்.

"அம்மையில்லீங்க. சத்தியமா அம்மையில்லீங்க. என்ற புள்ளைக்கு மஞ்ச ஆகாதுங்க. பூசுனா இப்பிடித்தானுங்க வீங்கும். ரெண்டு நாள்ல வடிஞ்சு போயிருமுங்க."

மகளைக் காப்பாற்றத்தான் அவர் அதைச் சொன்னார். சொன்னதும் அம்மைப் பயம் போயிற்று. தாய்மாமன் மூச்சுவிட்டார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"மஞ்ச ஆகாதுங்களா? அப்பிடியொண்ணு நாங் கேள்விப்பட்டதில்லீங்க. சரி, அது உங்க ஊட்டு விசயம். மஞ்ச ஆகாதவ கையில எங்க புள்ள கட்டற கூறச்சேலயக் குடுக்கறது எப்பிடிங்க? நீங்களே சொல்லுங்க."

குப்பண்ணன் பங்காளிகள் பக்கம் திரும்பினார். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முகூர்த்தம் போகுது, பங்காளி ஊட்டுப் புள்ளையக் கூப்புடுங்க என்று யாரோ சொன்னார்கள். சுப்பாத்தாள் அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள், அவளுக்கு மட்டும் ஆசையா என்ன. எல்லோரும் அர்த்தநாரியைப் பார்த்தார்கள். சுப்பாத்தாள் நின்றால் மணையில் உட்கார மாட்டேன் என்றவன் அவன். உட்கார்ந்திருந்தான். எதிர்ப்பக்கம் மணப்பெண் தலைகுனிந்து காத்திருந்தாள், அவள் வீட்டு வண்டிகள் வேலியோரம் அவிழ்த்துக் கிடந்தன. அவன் தன் கையிலிருந்த தலைப்பைப் பார்த்தபடி இருந்தான்.

ராசம்மாள் அவன் பேசட்டும் என்று கொஞ்சம் நின்றாள். பிறகு தானே விரலைத் தளர்த்தி, தலைப்பைச் சுப்பாத்தாளின் கையில் வைத்தாள். கண் சரியாகத் தெரியாததால் கம்பத்தைத் தொட்டுத் தொட்டு வீட்டுக்குள் போனாள். விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தார்கள்.

பருத்தி அறையில் போய் அவள் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் காளியாத்தாள் ஒரு கிண்ணத்தில் மோரும் பழைய வேட்டித் துணியும் எடுத்துக்கொண்டு வந்தாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாம் பூசியிருப்பனா கண்ணு? என்ற கையால இப்பிடிப் பண்ணிப் போட்டனே. ஒரே ஒரு வார்த்த."

"சொல்லியிருந்தா நிக்க உட்டிருப்பீங்களா?"

காளியாத்தாள் துணியை மோரில் நனைத்து அவள் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். முதலில் மஞ்சள் வந்தது. துணியை மடித்துப் போட்டு மறுபடியும் துடைத்தாள். இரண்டாவது மடிப்பில் வேறு ஒரு நிறம் வந்தது, மண்ணும் சந்தனமும் கலந்தாற்போல ஒரு மாநிறம். காளியாத்தாள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதென்ன கண்ணு, என்னமோ நெறமா வருது?"

ராசம்மாள் வீங்கிய இமைகளைக் கொஞ்சம் திறந்து துணியைப் பார்த்தாள்.

"அதுதானுங்க என்ற மூஞ்சி" என்றாள்.